ஆச்சு

தாய்லாந்தின் அந்தக் கடலோரக் கிராமத்தில் நாங்கள் கண்டுபிடித்த இரண்டு சாப்பாட்டுக் கடைகளும் மூடியிருந்தன. சர்க்கரை வியாதிக்காரனான எனக்குப் பசியில் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவது கடையில் ஒரு பெண்மணி மட்டும் இருந்தாள். பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரே ஒரு தட்டில் சோறும் வறுத்த மீனும் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஏதோ கேட்டாள். என் மனைவி குமுதா நீட்டிய செல்போன் அதைத் தமிழில் சொன்னது: "சாப்பிட்டீர்களா?"

"ஆச்சும்மா, இப்பத்தான் ஆச்சு," என்றாள் குமுதா. யார் வீட்டு வாசலில் கேட்டாலும் அவள் வாயில் அதுதான் வரும்.

"அடிப்பாவி, சாப்பாட்டுக் கடையில வந்து சொல்ற பதிலா இது?" என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் செல்போன் அவள் சொன்னதை அந்த ஊர் மொழியில் ஒப்பித்துவிட்டது.

பெண்மணி என் கையையே பார்த்தாள். பிறகு எழுந்து, இன்னும் தொடாத அந்தச் சோற்றை இரண்டு தட்டுகளில் பிரித்து எங்கள் முன்னால் வைத்தாள்.

குமுதாவுக்குக் கை வைக்க மனம் வரவில்லை. "உங்களுக்கு? நீங்க சாப்ட்டீங்களா?" என்று செல்போனிடம் கேட்டாள்.

பெண்மணி அடுப்பைத் துடைத்தபடியே பதில் சொன்னாள்.

"சாப்பிட்டேன்," என்றது செல்போன். "இப்போதுதான்."