அட்டையில் இருந்த பெயர்

ஊரடங்கின் நாற்பதாம் நாள். மலேசியாவின் ஈப்போ நகரில் சாலைத் தடுப்பருகே நின்ற காவலர், சுலஸ்திரியின் அடையாள அட்டையை உரக்கப் படித்தார்.

"சம்சூரி. ஆண்னு போட்டிருக்கு. முகக்கவசத்தை இறக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரிசிப் பையை அணைத்தபடி அவள் இறக்கினாள்.

"வீட்டுக்கு ஒருத்தர்தான் வெளிய வரணும். எத்தனை பேரு இருக்கீங்க?"

"ஆறு பேரு சார். எல்லாருமே திருநங்கைங்க. கல்யாணமே நடக்கல, மணப்பெண் அலங்கார வேலையும் போச்சு. ஒரே அறையில அடைஞ்சு கெடக்குறோம்."

"எல்லார் பேரையும் சொல்லு. அட்டையில இருக்கற பேரு."

வீட்டுக்குச் சோதனை வரப்போகிறது என்று அவள் பயந்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே வந்தார். "கைருல் நிசாம்" என்றதும் பேனா நின்றது.

"அப்பா பேரு ஜொஹாரியா?"

"ஆமா சார். அவ ஒரு தப்பும் பண்ணல. ரெண்டு நாளா சாப்பிடாம, பேசாம சுவரையே பாத்துக்கிட்டு இருக்கா. அவள விட்டுடுங்க."

காவலர் குறிப்பேட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தெடுத்து, பின்புறம் ஒரு கைப்பேசி எண்ணை எழுதி நீட்டினார்.

"இப்ப அவங்க பேரு என்ன?"

"கெனாங்கா."

"கெனாங்கா அக்காகிட்ட இதக் குடுங்க. அம்மா ஒம்பது வருஷமா தேடுறாங்க, தம்பி பேசச் சொன்னான்னு சொல்லுங்க."