விடாத கை

பள்ளிச் சுற்றுலாவில் குகைக்குள் நுழையும்போது டீச்சர் கண்டிப்பாகச் சொன்னார்: "என்ன ஆனாலும் பக்கத்துல இருக்கிறவங்க கையை விடக்கூடாது."

வகுப்பின் வாயாடி தன் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் விளக்குகள் அணைந்தன. பிள்ளைகள் அலறினார்கள். இருட்டில் ஒரு கணம் நழுவிய கை, சில்லென்று திரும்பவும் அவள் கைக்குள் வந்தது. "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்று சுவரைத் தடவித் தடவி அதை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வாசலில் டீச்சரோடு தோழி நின்றிருந்தாள். "எங்கடி போன? நான் அப்பவே ஓடி வந்துட்டேன்!"

வாயாடியின் பிடியிலிருந்த சின்னக் கை பின்வாங்கப் பார்த்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, விடவும் இல்லை. "இன்னும் கொஞ்ச தூரம்தான், வா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெயிலுக்குள் இழுத்தாள்.

டிக்கெட் கிழிக்கும் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் பார்த்தது அவளை அல்ல. அவள் முதுகுக்குப் பின்னால்.

"இத்தனை வருஷமா எங்க இருந்த, கண்ணு?" என்றார், குரல் உடைந்து.