நடக்காத இரண்டு வருஷம்

செண்பகவல்லியின் வழக்கை முத்திரையிட்டு மூட ஒன்பது வருஷம் ஆயிற்று. ஆலை மறியலில் மேற்பார்வையாளரின் மண்டையை உடைத்ததற்காக இரண்டு வருஷம் சிறையில் இருந்தவள் அவள். வக்கீல் மாற்றி வக்கீல், மனு மேல் மனு என்று அலைந்து, போன மாதம்தான் உத்தரவு வந்தது. இனி அந்த வழக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, அவள் உட்பட. திறந்தால் குற்றம்.

இந்த வாரம் மகள் கயலை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனாள். பிறப்புச் சான்றிதழே இல்லை என்றது பள்ளிக் கணினி. கயல் பிறந்தது சிறையில்; வழக்கோடு சேர்த்து அந்தச் சிறைப் பதிவுகளும் மூடப்பட்டிருந்தன.

நான்காவது நாளாகச் சேவை மையத்தில் நின்றாள். கவுண்ட்டரில் இருந்த மரியதாஸ் தலையைச் சொறிந்தான்.

“அந்த ரெண்டு வருஷமே உங்களுக்கு நடக்கலக்கா. நடக்காத வருஷத்துல பிள்ள எப்படிப் பொறக்கும்னு கம்ப்யூட்டரு கேக்குது.”

“பிள்ள இந்தா நிக்குதே, தம்பி!”

“எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியணுமே.”

“அப்ப அந்த வழக்கத் திருப்பிக் குடுங்க.”

“எந்த வழக்குன்னு நீங்க சொல்லணும். சொன்னா புதுக் கேஸ் விழும்.”

இதற்கா ஒன்பது வருஷம் நாயாய் அலைந்தோம் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. திரையருகே குனிந்து, மறியல் நடந்த தேதி, அடிபட்டவன் பெயர், சிறையில் தன் எண் எல்லாவற்றையும் கத்திச் சொன்னாள்.

திரை சிவந்தது. புது வழக்கைப் பதிய, பழையதைத் திறக்க வேண்டியிருந்தது அதற்கு. முதலில் சம்மன் அச்சாகி வந்தது. பின்னாலேயே சான்றிதழும் வந்தது.

கயல் அதை வாங்கி வாசித்தாள். “பொறந்த எடம் ஜெயிலுன்னு போட்டிருக்கும்மா.”

“ஆமா, அங்கதான் பொறந்த. நட, ஸ்கூல் பூட்டிருவாங்க.”