எக்ஸ் இல்லாத வரி

வரியின் முன்னால் எக்ஸ் இல்லை.

வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை மறுபடி பார்த்தார்.

சனி. அருளப்பன் சார். சவரம்.

எக்ஸ் இல்லையென்றால் இன்னும் செய்யவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

தலையில் அடிபட்ட விபத்துக்குப் பிறகு, காலையில் நடந்தது அவருக்கு மதியம்வரை நினைவில் தங்குவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதினார். படமில்லை, நிறமில்லை. வெறும் எழுத்து. ஒரு வேலைக்கு ஒரு வரி. முடிந்ததும் அதன் முன்னால் ஓர் எக்ஸ்.

தேவாலயப் பங்கில் படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடுகள் பதினேழு. யாருக்கு மாத்திரை வாங்க வேண்டும், யாரை என்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், யார் வீட்டுக்கு நற்கருணை போக வேண்டும். எல்லாம் அந்தக் கோப்பில் இருந்தது.

ஒரு மாதம் பார்ப்போம் என்றுதான் ஃபாதர் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார். வீடுகள் விடுபட்டால் அது வேறு ஆளுக்குப் போகும்.

இன்று முப்பதாம் நாள்.

நல்ல நினைவுள்ளவர்கள் விட்டுவிட்ட வீடுகள் உண்டு. அவர் விட்டதில்லை. தனியே சைக்கிள் மிதிக்கும்போது அதை நினைத்துக்கொள்வார். முதுகு தானாக நிமிரும்.

உள்ளே கட்டிலில் அருளப்பன் சார். பக்கவாதம் இடது கையையும் பேச்சையும் மட்டும் விட்டுவைத்திருந்தது.

“தோத்திரம் சார். சவரம் பண்ணிருவோமா?”

சாரின் மனைவி தங்கபுஷ்பம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“தம்பி, ஒம்பது மணிக்குத்தானே வந்து...”

சார் அவளைப் பார்த்தார்.

“புஷ்பம், வெந்நி கொண்டா.”

அவள் நின்றாள்.

பிறகு போனாள்.

சார் மோவாயைத் தூக்கிக் காட்டினார். கன்னத்தில் பவுடர் வாசம் இன்னும் போகவில்லை.

வந்தவர் நுரை பூசினார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

“இந்த வாரம் வளரவே இல்லயே சார்.”

“எனக்கு வயசு கொறையுதுவே. ஒமக்கென்ன பொறாம?”

இருவரும் சிரித்தார்கள். மீசைக்கு மேலே, காதோரம், தொண்டைக்குழி. ஓர் இடம் விடாமல், அவசரமில்லாமல் மழித்தார்.

சாரின் கைப்பேசி அடித்தது. தங்கபுஷ்பம் ஒலியைக் கூட்டி சார் முகத்தருகே பிடித்தாள்.

“சார், ஃபாதர் பேசுதேன். முப்பது நாள் ஆயிட்டுல்லா? அவரு ஒங்க வீட்டுக்கு எத்தன வாரம் வராம விட்டாரு? மறைக்காமச் சொல்லுங்க.”

கத்தி நின்றது.

சார் கண்ணை மூடினார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தியவர். யாருக்காகவும் பொய் சொன்னதில்லை.

“வராம இருந்ததே கெடையாது ஃபாதர்.”

“ஒரு தடவகூடவா?”

“ஒரு தடவகூட.”

“அப்பம் அவரே பாத்துக்கிடட்டும். நாளைக்குப் பூசையில சொல்லிருதேன்.”

அவர் கத்தியைக் கிண்ணத்தில் அலசி வைத்தார். துண்டை எடுக்க மறுபக்கம் திரும்பினார். அதை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குள் தங்கபுஷ்பம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள்.

நுரையில் ஒரு முடிகூட இல்லை.