‘கடத்து’ என்றால்…

“அப்பா, கடத்துறதுன்னா என்னப்பா?” விடுதி அறைக் கட்டிலில் காலாட்டிக்கொண்டே மகள் கேட்டாள்.

அவர் பத்திரிகையில் பிழை திருத்துபவர். சொல்லுக்குப் பொருள் கேட்டால் குஷியாகிவிடுவார்.

“கம்பி கரண்ட்டைக் கடத்தும். வேலைவெட்டி இல்லாதவன் பொழுதைக் கடத்துவான்.”

“ஆளைக் கடத்துனா?”

“வீட்ல சொல்லாம, எதையாவது ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போறது.”

“அதுவும் சும்மா கூட்டிட்டுப் போறதும் ஒண்ணுதானே?”

“மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! எங்க ஆபீஸ்லயே பல பேர் இதுல கோட்டை விட்டுடுவாங்க.”

“டிவிலயும் கோட்டை விட்டுட்டாங்கப்பா. நீ குளிக்கப் போனப்ப என் போட்டோவைக் காட்டி, ‘மகளைக் கடத்திய தந்தை’ன்னு போட்டாங்க. பக்கத்துல அம்மா அழுதுட்டிருந்தாங்க. நீ ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு ஸ்கூல் வாசல்லேர்ந்து சும்மா கூட்டிட்டுத்தானே வந்தே? போன் பண்ணித் திருத்தச் சொல்லுப்பா.”

மகளின் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அணைத்தே வைத்திருந்த செல்போனை எடுத்து, ஆன் செய்து அவளிடம் நீட்டினார்.

“டிவிக்காரங்களுக்காப்பா?”

“இல்லம்மா, அம்மாவுக்கு. டிவிக்காரங்க சரியாத்தான் போட்டிருக்காங்க.”