ஆஸ்பத்திரித் துணை

இந்த மாசமும் சந்திரவல்லியைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான் சுருளிவேல்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அவன் பெண்டாட்டி அன்னக்கொடி. வெளுத்த வேட்டி, சட்டை. படிய வாரிய தலை. தன்னைப் போடிச் சந்தைக்குக் கூட்டிப் போன அன்றுகூட இத்தனை சிங்காரம் இல்லை.

"அவளுக்குக் கையில தடிப்பு. ஆஸ்பத்திரியில மலையாளத்துலதான் கேப்பாக. ரெண்டு வார்த்தை பேசிக் குடுத்துட்டு வெரசா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

மாநிலம் பிரித்து, இந்த ஏலமலை கேரளாவோடு சேர்ந்த மறுவருசம் அது. ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்த போடிப் பக்கத்துச் சனங்கள், இருந்த இடத்திலேயே அசலூர்க்காரர்கள் ஆகியிருந்தார்கள்.

சந்திரவல்லி புருசனை இழந்தவள். பிள்ளை குட்டி கிடையாது. வேறு தோட்டத்திலிருந்து புதிதாக வந்து, லயத்தின் கடைசி வீட்டில் குடியிருந்தாள். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அன்னக்கொடிக்கு வயிறு எரியும்.

எரிச்சல் பொறுக்காமல்தான் ஒருநாள் ஓடையில் துணி துவைக்கும்போது சொல்லிவிட்டாள்.

"வெறும் தடிப்புக்கா மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குப் போவாக? அது குட்டம், பெருநோயி. தள்ளியே இருங்க."

அது போதுமாயிருந்தது. ஏலக்காய் பறிக்கையில் ஒருத்தியும் சந்திரவல்லி பக்கத்தில் நிற்கவில்லை. கங்காணி அவளைத் தனியாகக் கோடிச் சரிவுக்கு அனுப்பினார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்படியும் ஜீப்புப் பயணம் நிற்கவில்லை.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, பின்னால் வந்த லோடு லாரியில் கெஞ்சி ஏறினாள் அன்னக்கொடி.

ஆஸ்பத்திரியில் எழுத்தும் புரியவில்லை, பேச்சும் புரியவில்லை. கடைசியில் கையைச் சொறிந்து காட்டினாள். சிப்பந்தி சட்டென்று ஓரடி தள்ளி நின்றுகொண்டு, தாழ்வாரத்தின் கோடியைக் காட்டினான். அந்தப் பக்கம் நடந்தவளைப் பார்த்து, எதிரே வந்த ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தோல் டாக்டரின் அறை வாசலில் பெஞ்சு. அதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சந்திரவல்லி அவன் கையைத் தட்டித் தட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்னக்கொடிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

அதற்குள் நர்சு வெளியே வந்து கூப்பிட்டாள்.

"சுருளிவேல்."

அவன் எழுந்து உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினான். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய தேமல். டாக்டர் ஊசி முனையால் அதைத் தொட்டுத் தொட்டு, உறைக்கிறதா என்று மலையாளத்தில் கேட்டார். அவன் முழித்தான்.

கூடப் போன சந்திரவல்லிதான் பதில் சொன்னாள். தண்ணீர் ஓடுவது மாதிரி மலையாளம்.

"பயப்பட வேண்டாங்குறாரு அண்ணே. மருந்து பிடிச்சிருச்சாம். விடாமச் சாப்பிட்டா முழுசாக் கொணமாயிருமாம். யாருக்கும் ஒட்டாதாம்."

வீட்டில்கூட அவன் ஏன் சட்டையைக் கழற்றுவதில்லை என்பது, வாசலில் நின்ற அன்னக்கொடிக்கு அப்போதுதான் விளங்கியது. குளிர் என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தவன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"எங்கிட்ட ஏன் மறைச்சீக?"

"கேள்விப்பட்டா நீ சிலமலைக்கு உங்காத்தா வீட்டுக்குப் போயிருவன்னு பயமா இருந்துச்சு."

அவள் மறுக்கவில்லை. சந்திரவல்லி பக்கம் திரும்பினாள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஊரே ஒன்னைய ஒதுக்கி வச்சுச்சே. எனக்கில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பெறகு யாருக்குன்னு கேப்பாகளே, மதினி."

சந்திரவல்லி மருந்துப் பொட்டலத்தை அன்னக்கொடியின் கையில் கொடுத்தாள்.

"எனக்கு நோயின்னா என்னைய விட்டுட்டுப் போக வீட்டுல யாரு இருக்கா? அண்ணனுக்கு நீங்க இருக்கீகள்ல."