மீட்டர் சார் முகம் கழுவுவதில்லை

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த அன்னாசி ஜாமுக்கு ஒரே கவலைதான். பதம் வராமல் பாட்டிலுக்குள் போனால் நாலே நாளில் புளித்துக் குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

அதைத் தீர்மானிப்பவரோ சர்க்கரை மீட்டர். நெற்றிக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டால் போதும், எத்தனை சதவீதம் இனிப்பு என்று சொல்லிவிடுவார். ஊரையே அளக்கிற மனுஷருக்கு முகம் கழுவ மட்டும் நேரமில்லை. நேற்றைய மாம்பழ ஜாம் அந்த நெற்றியிலேயே காய்ந்து ஒட்டியிருந்தது.

"அறுபத்தெட்டு! பதம் வந்தாச்சு, இறங்கு," என்றார் மீட்டர்.

"சார், நான் இன்னும் தண்ணியா ஓடறேனே! பத்து நிமிஷம் வெந்துட்டு வரேனே?"

"அளக்கிறது நீயா, நானா?"

டம்ளரில் இருந்த தண்ணீருக்குப் பொறுக்கவில்லை. "என்னை அளந்து பாருங்க சார். வெறும் தண்ணி, பூஜ்யம்தான் வரணும்."

ஒரு சொட்டை நெற்றியில் வாங்கிக்கொண்டு மீட்டர் உற்றுப் பார்த்தார். "பதினஞ்சு! திருட்டுத்தனமா சர்க்கரையைத் தின்னுட்டு, என்கிட்டயே பூஜ்யம்னு கதை விடறியா?"

ஜாமை இறக்கிவிட்டார்கள். நாலாம் நாள் அது பாட்டிலுக்குள் நுரைத்து, மூடியைத் தள்ளிக்கொண்டு மேஜையெல்லாம் வழிந்தது.

மீட்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அந்தத் தண்ணியோட சகவாசம் வெச்சுக்கிட்டா வேற என்ன ஆகும்?" என்றார்.